மூன்றிலிருந்து ஐந்து வரை

வெள்ளி இரவு பத்து ஐம்பதுக்கு இறங்குகிறோம்.
ஞாயிறு மாலை ஆறு நாற்பதுக்குத் திரும்ப ஏற வேண்டும்.
ஆக நாற்பத்து மூன்று மணி, ஐம்பது நிமிடம்.
தூக்கத்துக்குப் பதினான்கு கழித்தால்
கையில் நிற்பது இருபத்தொன்பதே முக்காலும் சில்லறையும்.

சமையலறை மேசையில் கட்டத்தாளை விரித்தேன்.
இருபத்தாறு வருடம் சுரங்கத்துக்கு அளவெடுத்தவன்.
கத்தோவித்சேயில் எந்தத் தெருவுக்கு அடியில்
எந்தக் குடைவு ஓடுகிறதென்று கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்வேன்.
சோஃபியா எனக்கு எம்மாத்திரம்.

எதிரே போஷெனா.
மருந்துக்கடை அங்கியைக்கூடக் கழற்றவில்லை,
சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தாள்.

டிக்கெட் காஸ்பர் அனுப்பியது, நார்வேயிலிருந்து,
எங்கள் இருபத்தைந்தாவது மணநாளுக்கு.
பணம் திருப்பித் தரப்படாது என்று
அடியில் சிவப்பில் போட்டிருந்தது.
அவன் போன பிறகு இந்த வீட்டில்
உப்பு எங்கே, கரண்ட் பில் கட்டியாச்சா,
இதைத் தாண்டி நாங்கள் பேசியது குறைவு.

சனி, எட்டரை: வெந்நீர் ஊற்று.
நகர நடுவில் குழாயில் சுடச்சுட வருமாம்,
ஐந்து லிட்டர் கேனோடு சனம் வரிசையில் நிற்குமாம்.
ஒன்பது பத்து: ரோமானியர் போட்ட தெரு,
மெட்ரோ நிலையத்தோடு ஒட்டினாற்போல்.
(இது எனக்காக. தரைமட்டத்துக்குக் கீழே.)
பத்தரை: பொன்முலாம் பூசிய தேவாலயம்.
மதியச் சாப்பாடு, நாற்பது நிமிடம்.
"சூப் ஆறவே அரைமணி ஆகுமே" என்றாள்.
அங்கே சூப்பே குளிர்ச்சிதான், தயிரில் வெள்ளரி, என்றேன்.
படித்து வைத்திருந்தேன்.

நிலவறைக் கடைகளைப் பற்றியும் படித்துக் காட்டினேன்:
நடைபாதை ஓரம், முழங்கால் உயரத்தில் சன்னல்,
குந்தி உட்கார்ந்து கேட்டால் பீர் வரும்.
"உன் முழங்காலுக்கா?"

அப்புறம் தலையாட்டும் விஷயம்.
மேலும் கீழும் ஆட்டினால் அவர்களுக்கு இல்லை,
இடமும் வலமும் ஆட்டினால் ஆமாம்.
அதற்கு அவள் சிரித்தாள்.
உதட்டில் ஒட்டிய தோலோடு
ஆமாம், இல்லை, ஆமாம் என்று ஆட்டிப் பார்த்தாள்.
இந்தக் குளிர்காலத்தில் நான் கேட்ட முதல் சிரிப்பு.

தாளில் எள் விழ இடமில்லை. எனக்குத் திருப்தி.
அவள் விரல் வந்து
சனிக்கிழமை மூன்றிலிருந்து ஐந்து வரை தடவியது.
"இதை அழி."
அங்கே ராணுவ அருங்காட்சியகம் வைத்திருந்தேன்,
முற்றம் நிறையப் பழைய டாங்கிகள்.
சரி, பதிலுக்கு என்ன போட?
"ஒன்றும் போடாதே. காலியாக இருக்கட்டும்."

காலி.
கரியை எடுத்த பள்ளத்தில் மணலை அடைக்காமல் விட்டால்
மேலே நிற்கும் வீட்டில் விரிசல் விடும்.
எங்கள் படுக்கைச் சுவரிலேயே ஒன்று ஓடுகிறது,
காலண்டர் மாட்டி மறைத்திருக்கிறோம்,
ஜூலைக்குக் கீழே கொஞ்சம் எட்டிப் பார்க்கும்.
இதெல்லாம் அவளுக்குத் தெரியும்.

பென்சிலைச் சீவினேன். சீவத் தேவையில்லை.
"அந்த ரெண்டு மணி நேரம்
நானும் கூட இருக்கலாமா?"

தலையை ஆட்டினாள்.
இடமும் வலமும்.

எந்த ஊர்க் கணக்கு என்று கேட்டிருக்கலாம்.
வாய் நிறைய விதை வைத்திருந்தாள்,
கண் தாளில் இருந்தது,
பக்கத்து வீட்டுச் சலவை இயந்திரம் அப்போதுதான்
பிழியத் தொடங்கிச் சுவரை உலுக்கியது.

டாங்கிகளை அழித்தேன். அழுத்தித் தேய்த்ததில்
அந்தக் கட்டங்கள் மட்டும் மெலிந்து
அடியில் மேசைவிரிப்பின் பூ மங்கலாகத் தெரிந்தது.
தூளை அவளே ஊதினாள்.

பிறகு பையின் எடைக்குப் போனோம். ஆளுக்குப் பத்துக் கிலோ.
மே மாதம் அங்கே மழை என்கிறார்கள்.
குடை ஒன்றா, ரெண்டா? என்றேன்.
"ஒன்று" என்றாள். "பெரியது.
பைக்குள் நுழையாது. கையில் பிடித்துக்கொள்."