முன்பணம் திருப்பிக் கேட்காதவர்

ஆபிரிக்கா பார்த்துவிட்டு வந்தவராம்.
காய்ச்சல், வரமுடியாது என்று
கொழும்பிலிருந்து செய்தி அனுப்பினார்
முதல்நாள் இரவு பத்தரைக்கு.
முன்பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை.
அதற்கு முந்திய செய்தியில்
சிங்கம் உண்டா என்று கேட்டிருந்தார்.
‘சிங்கம் கொடியில மட்டும்தான் சேர்’ என்று
இவர் எழுதி, அழித்து,
‘யானை நிச்சயம்’ என்று அனுப்பினார்.

டீசல் அடித்தாயிற்று.
என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:
“வாங்களன், நீங்களும் ஒருக்காப் பாருங்க.”

பதினொரு வருசமாக இந்த ஜீப்பைக் கழுவுகிறேன்.
சில்லில் ஒட்டிய யானைச் சாணி,
சீட்டுக்கடியில் வெள்ளைக்காரப் பிள்ளைகளின் சூயிங்கம்,
கண்ணாடியில் காய்ந்த செம்புழுதி,
எல்லாம் எனக்குத் தெரியும்.
அவை வரும் இடம்தான் தெரியாது.

நாலரைக்குப் பொத்துவிலை விட்டோம்.
பின்னால் மகள் ஸிம்றா, ஒரு கொப்பியோடு.
பக்கத்து வளவு லத்தீபா ராத்தா
அவித்த மரவள்ளியும் கட்டைச் சம்பலுமாக.
பாணமை கழிய தார் முடிந்தது.
உகந்தை மலை
இருட்டைவிட ஒரு பிடி கறுப்பாக நின்றது.

வாசலில் டிக்கட் கிழித்தவர் சிங்களத்தில் கேட்டார்:
“இன்றைக்கு எந்த நாட்டுக்காரர், ஹிதாயத்?”
“பொத்துவில் நாட்டார்” என்றார் இவர்.

ஸிம்றாவின் கொப்பியில்:
மயில் 14, மறுகா எண்ண ஒண்ணா.
எருமை, நம்மட மாதிரித்தான்.
முதலை 3 (ஒண்டு மரக்கட்டை).
மரை 1, என்னப் பாத்தது.

குமணை வில்லில்
கண்ணாமரம் கண்ணாமரமாக நாரைக் கூடுகள்.
குஞ்சுகளின் இரைச்சலுக்குள்
இவர் சொல்வது ஒன்றும் கேட்கவில்லை.
மீன்வாடிக் குடல் நாற்றம்.
முக்காட்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு ராத்தா கேட்டா:
“இதுக்கா டொலர் குடுக்கிறாங்க?”

பத்து மணிக்கு போன் வந்தது: சிறுத்தை!
ஏழு ஜீப்புகள் ஒரே புழுதியில் பறந்தன.
நாங்கள் கண்டது ஆறு ஜீப்புகளின் பின்பக்கம்.
சிறுத்தையின் வால் என்று யாரோ காட்டியது
காற்றில் ஆடிய விழுதாகவும் இருக்கலாம்.

பிறகு, பின்னேரம்,
எவரும் தேடாத ஒரு மடுவோரம்
அலியன்.
தனியே.
இடது காதில் பிறைபோல ஒரு கிழிசல்.

ராத்தாதான் முதலில் மரவள்ளியைக் கீழே வைத்தா.
தை மாதம் எங்கள் வட்டையில்
பரணைச் சாய்த்த காது.
இவரின் தம்பிக்கு மூன்று விலா எலும்பு.
ராத்தாவுக்கு இரண்டு ஏக்கர், அறுக்க ஐந்து நாள் இருந்த வேளாண்மை.

இவர் எஞ்சினை நிறுத்தினார்.
பழக்க தோசத்தில் எங்களிடமே
“நோ சவுண்ட் பிளீஸ்” என்றார்.
ஒருவரும் சிரிக்கவில்லை.

அது ஒரு பிடி புல்லைப் பிடுங்கியது.
முன்காலில் தட்டி மண்ணை உதறியது.
மீண்டும் தட்டியது. மணத்திப் பார்த்தது.
பிறகுதான் வாய்க்குள் வைத்தது.
பின்தொடையில்
உளுந்து சிந்தியது போலச் சன்னம் பட்ட தழும்புகள்.
அவற்றில் எது பாணமைத் துவக்கு, எது நம்முடையது
என்று யார் பிரிப்பது?

நெடுநேரம் கழித்து ராத்தா,
ஏதோ தன் மருமகனைப் பற்றிக் குறைப்படுவது போல:
“இஞ்ச எவ்வளவு ஆறுதலாத் திங்கிறான்.
நம்மட வட்டைக்க மட்டும் ஏன்டா
களவெடுத்தவன் மாதிரி விழுங்கிறாய்?”

காது ஒருமுறை அசைந்தது.
ஈக்காகத்தான்.

ஆறு மணிக்குள் வெளியேற வேண்டும்.
திரும்பும் வழியில் ஒருவரும் பேசவில்லை;
ஸிம்றா மட்டும் கொப்பியைத் திறந்து,
ஒன்றும் எழுதாமல் மூடினாள்.
அன்றிரவு காவல் இவருடைய முறை.
வட்டைக் கட்டில் இறங்கி,
சீட்டுக்கடியில், நாள் முழுக்க என் காலருகே கிடந்த
சொப்பிங் பையை எடுத்தார்.
யானைவெடி. தீப்பெட்டி.
தொப்பியை என்னிடம் தந்தார்.

பதினொரு மணிபோல இரண்டு வெடி கேட்டது.
மூன்றாவதுக்காகக் காத்திருந்தேன்.
வெளியே ஜீப்,
கழுவாமல்.