வலது கால்

ஷுவைக்கில் ஆகஸ்ட்.
ஸ்பேனரைத் துணி சுற்றித்தான் எடுக்க முடியும்.
இழுவை வண்டி இறக்கிவிட்டுப் போன வெள்ளைக் காரின் கிரில்லில்
ஒரு பித்தளைக் குழாய் செருகிக் கிடக்கிறது.
ஜாப்ரியாவில் ஒரு வீட்டு வாசல்,
இறந்துபோன யாரோ ஒருவர் பேரில்
வழிப்போக்கருக்கு வைத்த குளிர்நீர்த் தொட்டி.
அதை முட்டித்தான் நின்றிருக்கிறது.

என் படிவத்தில் மூன்று கட்டம்:
ஓட்டுநர். இயந்திரம். தெரியவில்லை.
ஒன்றில் டிக் அடிக்கச் சம்பளம்.

ஓட்டுநர் ஞானப்பழம், ராதாபுரம் பக்கம்.
பதினோரு வருஷமாக அதே வீடு.
"பிரேக்கத்தான் சார் மிதிச்சேன்.
மிதிக்க மிதிக்கப் பாயுது.
மாடுன்னாகூட மூக்கணாங்கயித்துக்கு நிக்கும்."
போலீஸ் கேட்டபோது
பிரேக்குக்கு அரபியில் என்ன என்று
நாக்கில் வரவில்லையாம்.
காலைத் தூக்கிக் காட்டியிருக்கிறான்.
வலது கால்.
எந்தப் பெடலுக்கும் வலது கால்தான்.

திராட்டிலைக் கழற்றினேன்.
உள்ளே புழுதி, கடலைமாவு மாதிரி விரலில் ஒட்டியது.
தகடு சிக்கவில்லை. இன்றைக்குச் சிக்கவில்லை.
பெடலில் சென்சார் இரண்டு:
ஒன்று பொய் சொன்னால்
மற்றது காட்டிக்கொடுக்கும் என்று ஏற்பாடு.
இரண்டும் பேசிவைத்துக்கொண்டு சொன்னால்?
கையேட்டில் அதற்குப் பக்கம் இல்லை.

ஏர்பேக் பெட்டிக்குள் கடைசி ஐந்து நொடி இருந்தது.
ஆக்சிலரேட்டர்: பூஜ்யம், பூஜ்யம், நூறு, நூறு, நூறு.
பிரேக்: இல்லை, இல்லை, இல்லை, இல்லை, இல்லை.
கம்பெனி ஆள் லேப்டாப்பை மூடினான்.
"முடிஞ்சுது."
பெடல் இறங்கியது என்கிறது பெட்டி.
இறக்கியது எது என்று அதைக் கேட்டால்
மறுபடியும் நூறு, நூறு, நூறு.

மிதியடியும் இரண்டு.
காரோடு வந்த கம்பளம் அழுக்காகக் கூடாது,
விற்கும்போது விலை போகணும் என்று
மேலே ஒரு ரப்பர் பாய், ஜமியாவில் வாங்கியது.
வெயிலில் இளகி நுனி சுருண்டிருக்கிறது.
கொக்கியில் மாட்டவில்லை.
பெடலை முழுக்க அமுக்கி அமுக்கி விட்டேன்.
பத்தொன்பது தரம் எழுந்து வந்தது,
இருபதாவது தரம் பாயில் மாட்டி அப்படியே நின்றது.
ஆனால் மாட்டவும்
முதலில் யாரோ அவ்வளவு தூரம் மிதித்திருக்க வேண்டும்.
தவிர, இழுவை வண்டிக்காரன் சொல்கிறான்,
கண்ணாடித் தூளுக்காகப் பாயை எடுத்து உதறிப் போட்டானாம்.
எப்படிக் கிடந்தது?
"கீழதான் பாய், கீழதான்."

சீட்டுக்கடியில் ஒரு செருப்பு.
பயந்து மிதித்தால் அடியில் அச்சு விழும்:
பிரேக் ரப்பரில் குறுக்குக்கோடு,
மற்றதில் நெடுக்குக்கோடு.
டார்ச் அடித்துத் திருப்பினேன்.
தேய்ந்து தேய்ந்து
ஆற்றுக்கல் மாதிரி வழுவழுவென்று இருந்தது.

ரஃபீகுல், தெரு கூட்டுகிறவன்,
அந்த நேரம் பார்த்து பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தான்.
கணுக்காலில் இரும்பு வைத்திருக்கிறார்கள்.
மூன்று கட்டத்தில் எதில் டிக் அடித்தாலும்
அந்த இரும்பு அங்கேயேதான் இருக்கும்.

எனக்கும் ஒரு தரம் நடந்தது.
சால்மியா, துணிக்கடை பார்க்கிங், அரை நொடி.
கால் சரியான இடத்தில்தான் இருந்தது,
பைபிள் தொட்டுச் சொல்வேன்.
முன்னால் சுவர் இல்லை.
அதனால் அதற்கு விபத்து என்று பெயர் வரவில்லை,
நானும் ஒருவரிடமும் சொல்லவில்லை,
மெர்சியிடம்கூட.

ஆறு மணிக்குள் படிவம் போகணும்.
மூன்றாவது கட்டத்தில் டிக் அடித்தேன்.
மேனேஜர் திருப்பி அனுப்புவார்,
"தெரியலன்னு எழுத நீ எதுக்கு?" என்று.

போகும் முன் கிரில்லிலிருந்து
குழாயை முறுக்கி எடுத்தேன்.
திறந்தபடியே இருந்தது.
என்னையறியாமல்
அடைத்துவிட்டு வைத்தேன்.