பத்தொன்பது வருஷக் கணக்கு

எங்கள் பேட்டையில் தெருக்களுக்குக் காய்கறிப் பெயர்.
பட்டாணித் தெரு, அவரைத் தெரு.
எனக்கு வாய்த்தது உருளைக்கிழங்குத் தெரு.
மரவீடு, கீழ்த்தளம், ஜன்னல் ஐந்து.
டார்ட்டு நகரத்துக் காற்றுக்கு
ஐந்துமே வழி.

இரவெல்லாம் ரொட்டி ஆலையில் நின்றுவிட்டு
காலையில் வந்து படுப்பவள் நான்.
அக்டோபர் பிறந்துவிட்டால்
வடக்கு ஜன்னல் தலைமாட்டில் நின்று
சீட்டியடிக்கும்.
இரண்டு கண்ணாடிக்கும் நடுவே பஞ்சைத் திணித்து
விளிம்பெல்லாம் மாவுப்பசையில் காகிதம் ஒட்டி
ஓட்டிவிட்டேன் இருபத்து மூன்று குளிர்காலம்.

போன செப்டம்பரில் கார்மோ வந்தான்.
ஜன்னல் கம்பெனி. என் மகன் வயசு, மூக்கில் சளி.
ஷூவைக் கழற்றிவிட்டு
சாக்ஸோடு அறை அறையாக நடந்தான்.
சட்டத்தோரம் மெழுகுவர்த்தி காட்டினான்.
சுடர் என் பக்கம் சாய்ந்து
கும்பிடு போட்டது.
"பார்த்தீர்களா?" என்றான்.
எனக்குத் தெரியாததா.

மூன்றடுக்குக் கண்ணாடி, நடுவே ஏதோ வாயு.
ஐந்துக்கும் சேர்த்துத் தொகை சொன்னான்.
ஸ்டூலைத் தேடி உட்கார்ந்தேன்.
"விறகு மிச்சமாகும்.
போட்ட காசு பத்தொன்பது வருஷத்தில்
திரும்பி வந்துவிடும்."

எனக்கு ஐம்பத்தெட்டு.
திரும்பி வருகிற காசு
எந்த விலாசத்துக்கு வரும் என்று கேட்டேன்.
சிரிக்கலாமா கூடாதா என்று
அவன் மெழுகுவர்த்தியைப் பார்த்தான்.

ஞாயிறு மதியம்
பழக்கத்தி ஒன்றோடு புறப்பட்டேன்.
மேல்வீட்டு ஹெல்வி சொன்ன பரிசோதனை:
சட்டத்தின் அடிமூலையில் குத்து.
முனை நின்றால் பெயிண்ட் அடி.
நகமளவு போனால் யோசி.
விரலளவு போனால் யோசிக்காதே.

முன்னறையில் இரண்டும்
கத்தியைத் திருப்பி அனுப்பின.
குளியலறையில் நகமளவு.
அடுக்களை ஜன்னல் கல் மாதிரி.
அதன் கண்ணாடியில் ஒரு குமிழ் உண்டு,
ஹெல்வியின் சைக்கிள் அதைத் தாண்டும்போது
ஒரு கணம் மூன்று சக்கரமாகிப்
பிறகு திருந்தும்.

வடக்கில்
கத்தி பிடிவரை போனது.
சத்தமே இல்லை.
டீயில் விழுந்த ரஸ்க் அந்த மரம்.
வெள்ளைப் பெயிண்ட் மட்டும் இத்தனை நாளாக
ஜன்னலாக நடித்திருக்கிறது.

பல் டாக்டர் ஓட்டை என்று சொன்ன பிறகு
நாக்கு அங்கேயே போகுமே,
அன்று முழுக்க
நான் அந்த மூலைக்கே போய்வந்தேன்.

வடக்கு மட்டும் போதும் என்று எழுதினேன்.
ஒன்றே ஒன்றென்றால் விலை கூடும் என்றான்.
கூடட்டும்.
பின்பக்கம் என்பதால் நகராட்சியும்
பெரிதாக முறைக்கவில்லை.

நவம்பரில் ஒரு முற்பகல், ஆள் இரண்டு பேர்.
பழையதைப் பெயர்த்த ஒரு மணி நேரம்
என் படுக்கையறையும் தெருவாக இருந்தது.
தலையணையில் பனி.

அன்றைக்குத் தூங்கினேன் பாருங்கள்,
காது இரண்டையும் கழற்றி
மேசைமேல் வைத்த மாதிரி.

மூன்றாம் நாள் கணப்பு மூட்டினேன்.
புகை மேலே போகாமல்
என்னைத் தேடி வந்தது.
இருமிக்கொண்டே சோதித்தேன்:
புகைபோக்கி திறந்திருக்கிறது,
பிர்ச் விறகு நன்றாகக் காய்ந்திருக்கிறது,
இல்லாதது காற்று.
இருபத்து மூன்று வருஷமாக
அந்த உளுத்துப்போனது
அடுப்புக்குத் திருட்டுத்தனமாய்
மூச்சு ஊட்டியிருக்கிறது.

அடுக்களை ஜன்னலில்
நானே ஒட்டிய காகிதத்தை
ஒரு சாண் கிழித்தேன்.
தீ எழுந்து உட்கார்ந்தது.

மீதி நான்கும் எப்போது என்று
கார்மோ கேட்டிருக்கிறான்.
முன்னறைக்கு பெயிண்ட்தான், ஜூனில்.
குளியலறைக்கு இரண்டு வருஷம் கொடு.
அடுக்களைக்கு என்று தொடங்கிய வரியில்
விரல் நின்றுவிட்டது.
அங்கே கிழிந்த காகிதம்
படபடவென்று எதற்கோ ஆமாம் போடுகிறது.
வேலைக்கு நேரமாகிவிட்டது.
இன்னொரு விறகை உள்ளே தள்ளினேன்.