கையெழுத்து

ஏற்காடு போக
எனக்கு ஓர் ஆண் தேவைப்பட்டான்.
கையெழுத்துப் போட மட்டும்.

அம்மா ஏற்கெனவே போட்டிருந்தாள்,
நீல மையில், கோட்டுக்கு வெளியே வழிய.
வார்டன் படிவத்தைத் திருப்பித் தந்தார்:
"அப்பா இல்லாட்டி வீட்டு ஆம்பளை யாராச்சும்."
ஆகவே
ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் தம்பி
கருப்பூரிலிருந்து சைக்கிளில் வந்து
என்னை மலையேற அனுமதித்தான்.
பாதுகாவலர் என்ற சொல்லை
இரண்டு தரம் எழுத்துக்கூட்டிவிட்டு
ஐஸ் வாங்கக் காசு கேட்டான்.

கோரிமேடு தாண்டி அடிவாரத்தில்
பேருந்து மூச்சு வாங்கியது.
நிலவியல், இரண்டாம் ஆண்டு:
பையன்கள் முப்பத்தொரு பேர், நாங்கள் ஆறு.
தனபால் சார் சாமான்களைப் பிரித்தார்.
சுத்தியல், உளி, திசைகாட்டி அந்தப் பக்கம்.
நோட்டு, லேபிள், பசை, சாப்பாட்டுப் பொட்டலக் கணக்கு
இந்தப் பக்கம்.
"பொண்ணுங்க எழுதிக்கங்கம்மா,
உங்க கையெழுத்துதான் அழகா இருக்கும்."
அது பாராட்டு.
நாங்களும் சிரித்தோம்.

கொண்டை ஊசி வளைவு ஒன்று, இரண்டு, மூன்று
என்று பலகைகள் எண்ணிக்கொண்டே வந்தன.
தலையில் இருபது ஊசி செருகிக்கொண்டு
இந்தச் சாலை பாட்டுக்கு மேலே போகிறது.
எங்கே போறே, யார்கூடப் போறே,
எத்தனை மணிக்குத் திரும்புவே,
ஒருவரும் கேட்கவில்லை அதை.

பதினோராம் வளைவில் கௌரிசங்கர்
ஜன்னலுக்கு வெளியே வாந்தியெடுத்தான்.
"என்னடி கௌரி, எத்தனாவது மாசம்?"
என்றது கடைசி சீட்.
பேருந்தே சிரித்தது.
அவனும் சிரித்தான், வாயைத் துடைத்துக்கொண்டு.
நானும் சிரித்தேனா, நினைவில்லை.
சிரித்திருப்பேன்.

பதினாறாம் வளைவு தாண்டி இறங்கினோம்.
சாலைக்காக வெட்டிய பாறைச் சுவர்,
சார்னோக்கைட், மழை வடிந்த கறுப்பு.
ஏறிக் கல் உடைக்கப் பையன்கள்.
கீழே உதிர்ந்ததைப் பொறுக்க நாங்கள்.
"சுடிதாரோட ஏறாதீங்க, வழுக்கும்."

அம்மா ஞாபகம் வந்தாள்.
சுண்ணாம்புக் கரட்டில்
வெள்ளைக்கல் சுரங்கத்தில்
பதினாலு வருஷம் கல் உடைத்தவள்.
சேலையில்தான்.
என்னைச் சுமந்த எட்டாம் மாதம் வரை.
தினக்கூலி என்றால்
சுத்தியலுக்கு ஆண்பால் பெண்பால் கிடையாது.
மதிப்பெண் என்றதும்
எங்கிருந்தோ அதற்கு மீசை முளைத்துவிடுகிறது.

கௌரிசங்கர் முகம் இன்னும் வெளிறியிருந்தது.
அண்ணாந்து பாறையைப் பார்த்தான்.
பிறகு என் பக்கமாக வந்து
சுத்தியலை நீட்டினான், பேனாவைக் கேட்டான்.
யாரும் பார்க்கவில்லை என்று
இருவரும் நினைத்துக்கொண்டோம்.

முதல் அடி வழுக்கியது.
இரண்டாவது என் கட்டைவிரல் நகத்தில்.
அப்புறம் எத்தனை, எண்ணவில்லை,
பாறை ஒரு சத்தம் போட்டு விட்டுக்கொடுத்தது.
உள்ளே நீலச் சாம்பல். அதில்
மாதுளை முத்து அளவுக்குச் சிவப்பாய் ஒரு கார்னெட்.
வெயிலை அது பார்ப்பது இதுதான் முதல் தரம்.

"அட" என்றபடி வந்தார் சார்.
வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"நல்ல சாம்பிள். யாரு, கௌரிசங்கரா?"
அவன் இல்லையென்று தலையாட்டியபோது
அவர் அடுத்த பாறைக்குப் போயிருந்தார்.
சேகரித்தவர் என்ற இடத்தில்
என் பெயரை அவன் எழுதினான்.
என்னுடையதைவிட அழகான கையெழுத்து.

இறங்கும்போது பனி. பேருந்து ஊர்ந்தது.
எல்லாருக்கும் ஒரே பேருந்து, ஒரே தாமதம்.
பையன்கள் ஐந்து ரோட்டில் இறங்கி
பரோட்டா தின்னப் போனார்கள்.
எங்களுக்கு விடுதி வாசலில் பதிவேடு:
பெயர். நேரம். காரணம்.
பதினெட்டு நிமிடம் என்றார் வார்டன்,
கைக்கடிகாரத்திலிருந்து கண்ணெடுக்காமல்.

காரணம் என்ற கட்டத்தில்
மலை என்று எழுதினேன்.
சுத்தியல் இன்னும் கைக்குள் அதிர்ந்துகொண்டிருந்தது.
எழுத்து கோணி
கோட்டுக்கு வெளியே வழிந்தது.