பாதி அளவு

யமாதோவிலிருந்து இருபத்துமூன்று நாள் நடந்து
நான் கொண்டுவந்தது ஒரு கயிறு.
சணல்தான். ஆனால் அதன் முடிச்சுகள்
பேரரசரின் ஈமமேட்டில் அளந்து போட்டவை.
இங்கே அதை இரண்டாக மடிக்க வேண்டும்.
உத்தரவு அவ்வளவே:
வடிவம் அதே, அளவு பாதி.

முன்னே சதுரம், பின்னே வட்டம்.
கேனு நாட்டில் இந்த ஆற்றங்கரைக் கோமான்கள்
இதுவரை சதுரத்தில்தான் படுத்தார்கள்.
ஒகோஷிவாகேதான் முதலில்
வட்டத்துக்குச் சம்மதித்தவர்.
பதிலுக்கு வந்தது
ஒரு வெண்கலக் கண்ணாடி, ஒரு வாள்,
பக்கத்து நாட்டான் வாய்க்காலை மறித்தால்
பேரரசர் கேட்பார் என்றொரு சொல்.
சொல்லைப் புதைக்க முடியாது.
மற்ற இரண்டும் அவரோடு போகும்.

அவர் மனைவி ததாமிமே
கண்ணாடியை என்னிடம் திருப்பிக் காட்டினாள்.
முதுகில் கடவுளர், விலங்குகள்.
ஒரு விலங்கின் கழுத்தில்
மயிரிழை போல ஒரு கோடு.
"விரிசலா?"
அச்சில் விழுந்த விரிசல். அதே அச்சில் வார்த்த
எல்லாக் கண்ணாடியிலும் அது உண்டு.
நான் அதைச் சொல்லவில்லை.
"கடவுள் மூச்சு விட்ட இடம்" என்றேன்.
"ஓவாரியில் என் தங்கை வாழ்க்கைப்பட்டிருக்கிறாள்,
அவள் வீட்டுக் கண்ணாடியிலும்
கடவுள் இதே இடத்தில்தான் மூச்சு விட்டாராம்."
சொல்லிவிட்டு அதைத் துணியில் சுற்றினாள்,
பிள்ளையைச் சுற்றுவது போல அல்ல,
மீனைச் சுற்றுவது போல.

வேலை மூன்று குளிர்காலம்.
ஊருக்கொரு பங்கு.
சரிவில் பதித்த கற்களை உற்றுப் பார்த்தால்
ஊருக்கும் ஊருக்கும் நடுவே எல்லை தெரியும்.
மேட்டூரார் கல் கறுப்பு, ஒரே அளவு.
கழிமுகத்தார் முட்டையளவும் பானையளவும்
கலந்து கொட்டிவிட்டுக் கரையேறினார்கள்.
உச்சியில் நட்ட மண் உருளைகளில்
குயவர் விரல் அப்படியே இருக்கிறது.
பேரரசரின் பெயர் எதிலும் இல்லை.

இரண்டாம் குளிர்காலம், ஒரு காலை,
முன்முகத்து முளை இடம் மாறியிருந்தது.
பழைய துளையில் பனி உறைந்து கிடந்தது.
மூடி மறைக்கக்கூட யாரும் மெனக்கெடவில்லை.
கயிற்றைப் போட்டேன்:
பாதி. பாதிக்கு மேல் ஆறடி.

கூடை சுமப்பவர்கள் நடுவே ததாமிமே
தினைக்கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தாள்.
எனக்கும் ஒரு கிண்ணம் வந்தது.
சூடு. உப்பு கொஞ்சம் தூக்கல்.
என் கயிற்றைப் பார்த்தாள்,
என்னைப் பார்க்கவில்லை.
ஆறடி மண்.
யாருக்கும் கடைசியில் அவ்வளவுதான் என்பார்கள்.
அவள் அதைத் தன் பங்காக எடுத்திருந்தாள்,
பேரரசர் தந்ததற்கு மேலே.
கஞ்சியைக் குடித்து முடித்தேன்.

குடைந்த மரத்தில் அவரைக் கிடத்திய நாள்
சிவப்புப் பொடி தூவினார்கள்.
கண்ணாடி தலைமாட்டில், வாள் இடப்பக்கம்.
கடைசியாக அவள் வைத்தது
தேய்ந்த ஓர் அரிவாள்;
எங்கள் பட்டியலில் இல்லாதது.
பிறகு களிமண் பூசி மூடினார்கள்.

யமாதோவில் கேட்டார்கள்: "பாதிதானே?"
"பாதி" என்றேன்.
சணல் இழுத்தால் நீளும் என்று
வழியெல்லாம் ஒரு பதில் செய்துவைத்திருந்தேன்.
யாரும் அதுவரை கேட்கவில்லை.

அந்த அறுவடையில் மேற்கே ஒருவர் இறந்தார்.
வாழ்நாள் முழுதும் தலை நிமிராமல்
அரிசி அனுப்பிக்கொண்டே இருந்தவர்.
அவருக்குக் கயிற்றை
நாலாக மடிக்கச் சொன்னார்கள்.