பதினேழாவது அடி

கொற்கையில், வாழைக்குள்
போர் வண்டி வந்து நின்றது.
அடிக்கு நூற்றிருபது. ஒரு ரூபாய் குறைக்கவில்லை
திருச்செங்கோட்டு ராசண்ணன்.
"கடலு எவ்வளவு தூரமுங்க? பார்த்ததே இல்லீங்க."
"நாலு மைல் இருக்கும் வே."

பதினேழாவது அடியில்
சேற்றோடு பொலபொலவென்று
சிப்பி.
முத்து கிடைக்குமென்று கொம்பையா மடியில் அள்ளினான்.
வெறும் ஓடு.
கடல் இங்கேதான் நின்றது;
ஆறு மண்ணைக் கொட்டிக்கொட்டித்
தள்ளிவிட்டிருக்கிறது.

வண்டி ஓய்ந்த நேரம் பிட்டைத் தீட்டினார்.
"கொரண்டம் சக்கரமுங்க. வெள்ளைக்காரன் வெச்ச பேரு."
குருந்தம்.
நம் சொல்தான். கப்பலேறிப் போய்ச்
சட்டை மாற்றி வந்திருக்கிறது.
எந்தத் துறையில் ஏறியதோ என்று
காலடியைப் பார்த்தேன்.

தண்ணீர் கரித்தது.
பில்லில்
கடலுக்கும் சேர்த்தே
அடி போட்டிருந்தார்.