கயவதனி

புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவில்
அரைக்கிலோ சின்ன வெங்காயம் வாங்கினேன்.
யோகட் கோப்பைகளில் தண்ணீர் ஊற்றி
ஒவ்வொன்றையும் பல்குத்தியால் தாங்கி வைத்தேன்.
மூன்றாம் நாள் வேர்கள்
வெள்ளை நூலாய் இறங்கின.
"சாம்பாருக்கா மிஸ்?" என்றான்
மேசை துடைக்க வந்த தெனுவன்.
அரைவாசி உண்மை.
மிஞ்சுவதை நான்தான் வீட்டுக்குக் கொண்டுபோகிறேன்.

வேரின் நுனியில், ஒரு மில்லிமீற்றருக்குள்,
இந்நேரம் நகலெடுப்பு நடக்கிறது.
முறுக்கை அவிழ்க்க ஒரு புரதம்.
அவிழ்ந்த இழைகள் மறுபடி ஒட்டாமல்
விலக்கிப் பிடிக்க இன்னொன்று.
எழுத்துக் கோக்கிற புரதமோ
பிடி தளர்ந்தது, சில அடியில் விழுந்துவிடும்.
விழாமலிருக்க ஒரு வளையம்:
ஒரேமாதிரி மூன்று துண்டுகள்
இழையைச் சுற்றிக் கைகோத்து.
அதை மாட்டிவிடவும் ஆள் உண்டு.
வெள்ளவத்தைக் கடையில்
என் மணிக்கட்டில் சவர்க்கார நுரை பூசி
வளையல் ஏற்றும் பெண்ணைப்போல
ஏற்றிவிட்டு
முகம் பாராமல் அடுத்தவரிடம் போய்விடும்.

இரண்டு இழைகளில் ஒன்று
தடங்கலில்லாமல் ஓடுகிறது.
மற்றது கரையோர ரெயிலில்
பின்பார்த்த இருக்கை கிடைத்த மாதிரி:
பயணம் தெஹிவளைக்கு, முகம் கோட்டைக்கு.
துண்டு துண்டாய்ப் பின்புறமாக எழுதி,
இடைவெளிகளை அப்புறம் ஒருவர் வந்து
ஒட்டிவிட்டுப் போகிறார்.

பிழை விட்டால்?
எழுதிய புரதமே ஓர் அடி பின்வாங்கி
தவறான எழுத்தைக் கடித்துத் துப்பும்.
தப்பியதைத் தேட வேறொரு கூட்டம் வரும்.
இவ்வளவும் ஒரு வெங்காயத்துக்கு.

என் பெயர் கஜவதனி.
எண்பத்தொன்பதில் பதிவாளர் கந்தோரில்
யாரோ ஜ-வை ய ஆக்கினார்.
வகுப்பில் அதைப் பிரித்துப் படித்தார்கள்:
கயவ, தனி.
அடையாள அட்டை அதைப் பார்த்து எழுதியது,
அட்டையைப் பார்த்துக் கடவுச்சீட்டு.
புதுக்கடையில் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர்
ஒரு புள்ளியும் பிசகாமல் பெயர்த்து
'உண்மைப் பிரதி' என்று முத்திரை குத்தினார்.
ஆறு கந்தோர்கள்.
எவரும் ஓர் அடி பின்வாங்கவில்லை.
திருத்தலாமா என்றேன். படிவம் தந்தார்கள்.
அதனோடு இணைக்கவேண்டியது:
பிறப்புச் சான்றிதழின் உண்மைப் பிரதி.

நேற்றிரவு வேர்களுக்கு
ஒரு பொய் எழுத்தைக் குடிக்கக் கொடுத்தேன்.
தைமின் மாதிரியே இருக்கும்,
ஓரத்தில் மட்டும் சின்னக் கொக்கி.
நகலெடுக்கிற கலம் சந்தேகிக்காமல் கோத்துக்கொள்ளும்;
பிறகு சாயம் விட்டால் கொக்கியில் மாட்டும்.
ஒரு மணி நேரம். கழுவினேன்.
ஒன்பதுக்குக் கரண்ட் போனது.
ஜெனரேட்டர் இருமி எழும்பும்வரை
ஃபிரீசர் கதவில் முதுகு சாய்த்து நின்றேன்,
என் உடம்பு அந்தக் குளிரைக் காக்கும் என்பதுபோல.

இன்று இருட்டறையில், நுணுக்குக்காட்டியின் கீழ்,
நசுக்கிய வேர்நுனி.
இருண்ட கலங்கள், இருண்ட கலங்கள்,
பிறகு ஒன்று பச்சையாய்.
பக்கத்தில் இரண்டு. அதற்குக் கீழே ஒரு வரிசையே.
நூற்றிரண்டில் முப்பத்தொன்று, இருமுறை எண்ணினேன்.
எல்லா எழுத்தும் சரியாயிருந்தால்
ஒன்றையும் கண்டிருக்கமாட்டேன்.

கொப்பியில் திகதி எழுதினேன், எண்ணிக்கை எழுதினேன்.
'செய்தவர்' என்ற கட்டத்தில் பேனை நின்றது.
சம்பளப் பட்டியலில் ய.
அம்மா கூப்பிடுவது ஜ.
தெனுவன் சாவியோடு வாசலில்.
வெறும் ஒரு கோடு இழுத்து மூடிவிட்டேன்.

காலி வீதி பஸ்ஸில் நெரிசல்.
மடியில் ஷொப்பிங் பை,
அதற்குள் பதினொரு வெங்காயங்கள்,
ஈரம் காயாத வேர்களோடு,
இன்னும் எழுதிக்கொண்டு.